கிளிப்பில் போட்ட எஃபெக்ட் பிழைவிடும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பாட்டில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் எதிரொலி வேண்டும். நேர்காணலில் ஃபேன் இரைச்சல் விழுந்த துண்டை மட்டும் துப்புரவாக்க வேண்டும். தவில் தனியாவர்த்தனத்தில் ஒரு தீர்மானத்துக்கு மட்டும் கொஞ்சம் கனம் கூட்ட வேண்டும். இப்படி முழு ட்ராக்கையும் தொடாமல் ஒரு கிளிப்புக்கு (ட்ராக்கில் கிடக்கும் ஓர் ஒலித் துண்டுக்கு) மட்டும் எஃபெக்ட் போடும் வசதி இன்று பல ஓடியோ மென்பொருட்களில் இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் வீட்டு அறையையே ஸ்ரூடியோவாக்கிப் பாட்டும் குறும்படமும் செய்கிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருகிற சிக்கல்களில் பெரும்பங்கு இந்த வசதியால்தான் வருகிறது. அவர்கள் கேட்கிற மாதிரியே அறிகுறிகளைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடைய தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பந்திகளை மட்டும் வாசித்துவிடுங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஒலி ஒரு ஒழுங்கில் போகிறது. முதலில் கிளிப். கிளிப்பில் போட்ட எஃபெக்ட் அங்கேயே வேலை செய்து முடிக்கும். அதன் பிறகு அந்த ஒலி ட்ராக்குக்குள் வந்து ட்ராக்கின் எஃபெக்ட்களைத் தாண்டும். பிறகு ஃபேடர் (ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடி), பிறகு மாஸ்டர் (எல்லா ட்ராக்கும் கலந்து வெளியே போகும் இடம்). அதாவது ட்ராக்கில் இருக்கும் கொம்பிரெசருக்கு (உரத்த இடங்களை அமுக்கிச் சமப்படுத்தும் எஃபெக்ட்) போய்ச் சேருவது நீங்கள் பாடின குரல் அல்ல, கிளிப் எஃபெக்ட் ஏற்கெனவே மாற்றிவிட்ட குரல். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாஸ்டரில் உள்ள எல்லாவற்றையும் பைபாஸ் செய்து (தற்காலிகமாக விலக்கி) கேளுங்கள். பிறகு ட்ராக்கில் உள்ளவற்றையும். கடைசியாகக் கிளிப்பில் உள்ளதையும். எந்தப் படியில் பிழை போகிறதோ, பிழை அந்தப் படியில் இருக்கிறது. பிளகினின் (எஃபெக்டைத் தரும் சிறு மென்பொருளின்) குமிழ்களைத் திருப்பத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, உங்கள் மென்பொருளில் இந்த வசதி எந்த உருவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரீப்பரில் கிளிப்பை ஐட்டம் என்பார்கள்; அதைத் தெரிவுசெய்து ஷிஃப்ட்டுடன் ஈ எழுத்தை அமுக்கினால் அந்தக் கிளிப்பின் எஃபெக்ட் பெட்டி திறக்கும். ஸ்டூடியோ வன்னில் இதற்கு ஈவென்ட் எஃப்எக்ஸ் என்று பெயர். கியூபேஸில் 9.5 பதிப்பிலிருந்து டைரெக்ட் ஓஃப்லைன் புரொசெசிங் இருக்கிறது. அங்கே போட்டதைப் பிறகும் திறந்து மாற்றலாம். லொஜிக்கில் 10.3 இலிருந்து தெரிவுசெய்த பகுதிக்கு மட்டும் எஃபெக்டைப் பதித்துப் புதுக் கோப்பு எழுதலாம். வீடியோ செய்பவர்களுக்கு பிரீமியரிலும் டாவின்சி ரிசோல்வின் ஃபெயர்லைட்டிலும் கிளிப்புக்கு ஒன்று, ட்ராக்குக்கு ஒன்று என இரண்டு இடமும் உண்டு. ஏபிள்டன் லைவிலும் எஃப்எல் ஸ்டூடியோவிலும் கிளிப்புக்கென்று தனி எஃபெக்ட் வரிசை கிடையாது. அவற்றில் வேறு வழி, கீழே சொல்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் ரீப்பரில் தருகிறேன். 60 நாள் வரை முழு வசதியோடும் பரீட்சித்துப் பார்க்கலாம், பழைய மடிகணினியிலும் இறுகாமல் ஓடும் என்பதால் இங்கே பலரிடம் இருப்பதும் அதுதான்.

"அண்ணை, எஃபெக்ட் போட்டன், ஒண்டுமே மாறேல்லை"

முதலில் பிளகினையே பாருங்கள். சில பிளகின்கள் திறந்தவுடன் ஒன்றும் செய்யாத நிலையில்தான் இருக்கும். ரீப்பரின் ரீஈக்யூ (அடி, நடு, மேல் ஓசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ) திறக்கும்போது கோடு நேராகக் கிடக்கும். ஒரு புள்ளியை இழுக்காதவரை ஒலியில் மாற்றம் வராது. ரீப்பரின் ரீவேர்ப் (ReaVerb) என்ற, அறையின் ஓசையைப் போலச் செய்யும் கொன்வொலூஷன் பிளகின் வெறுமையாகத் திறக்கும். அதற்குள் ஓர் இம்பல்ஸ் கோப்பையோ (ஓர் அறை ஒலிக்கும் விதத்தின் பதிவு) ஜெனரேற்றரையோ சேர்த்தால்தான் அறைக்குரிய ஓசை வரும். கொம்பிரெசரில் திரெஷோல்ட் (அது வேலை தொடங்கும் ஒலி அளவு) குரலின் அளவுக்கு மேலே நின்றால் அது வாளாவிருக்கும். மெதுவாகப் பதிவான குரலில் இது அடிக்கடி நடக்கும்.

பிளகின் சரி என்றால் டேக்கைப் பாருங்கள். ரீப்பரில் ஒரே இடத்தில் பல தடவை பாடிப் பதிந்தால் ஒவ்வொன்றும் ஒரு டேக்காக அதே ஐட்டத்துக்குள் அடுக்கப்படும். எஃபெக்ட் டேக்குக்குத்தான் ஒட்டும், ஐட்டத்துக்கு அல்ல. இரண்டாம் டேக்குக்கு எதிரொலி போட்டுவிட்டு மூன்றாம் டேக்கை ஓடவிட்டால் எதிரொலி எங்கேயிருந்து வரும்? டேக் வரிசையை விரித்துப் பார்த்து, ஒலிக்கிற டேக்கிலேயே எஃபெக்ட் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இன்னொன்று, கீபோட்டில் இசை போடுகிறவர்களுக்கு. உங்கள் கிளிப் மிடி கிளிப்பாக இருந்தால் அதற்குள் ஒலியே இல்லை. எந்தச் சுரத்தை எப்போது அமுக்கினீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. ஒலி பிறப்பது ட்ராக்கில் உள்ள வாத்தியப் பிளகினில். ஆகவே மிடி கிளிப்பில் ரிவேர்ப் (மண்டபம், அறை போன்ற ஓசையைச் சேர்க்கும் எஃபெக்ட்) போட்டால் அதற்கு வேலைசெய்ய ஒலி கிடைக்காது. வாத்தியப் பிளகினையும் கிளிப்பின் பெட்டிக்குள்ளேயே ரிவேர்புக்கு முன்னால் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை ஓடியோவாக ரெண்டர் செய்துவிட்டு (புது ஒலிக் கோப்பாக எழுதிவிட்டு) எஃபெக்ட் போடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிறகு திறக்கும்போது என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தவுடன் விளங்கும்.

"ஒரு வரிக்குத்தான் போட்டன், முழுப் பாட்டுக்கும் விழுந்திட்டுது"

ட்ராக்கின் எஃபெக்ட் பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள். ரீப்பரில் இரண்டு பெட்டிகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இது எளிதில் நடக்கும். சாளரத்தின் மேல் வரியில் ட்ராக்கின் பெயர் இருக்கிறதா, கிளிப்பின் பெயர் இருக்கிறதா என்று வாசியுங்கள். இதற்காகவே கிளிப்களுக்குப் பெயர் வைத்துப் பழகுங்கள்.

எஃப்எல் ஸ்டூடியோவில் கதை வேறு. பிளேலிஸ்ட்டில் ஒரே ஓடியோ கிளிப்பைப் பத்து இடத்தில் வைத்தாலும் பத்தும் ஒரே சனலுக்குரியவை. அந்தச் சனல் போகிற மிக்ஸர் வரிசையில் போட்ட எஃபெக்ட் பத்திலும் கேட்கும். வேண்டிய ஒன்றை மட்டும் 'மேக் யுனீக்' செய்து வேறு மிக்ஸர் வரிசைக்கு அனுப்புங்கள். ஏபிள்டன் லைவிலும் அந்தத் துண்டை வெட்டி வேறு ட்ராக்குக்கு இறக்குவதே நேர்வழி. இறக்க விருப்பமில்லையென்றால் எஃபெக்டை ட்ராக்கில் வைத்து, அதன் அளவை அந்தத் துண்டில் மட்டும் ஒட்டோமேஷனால் (அந்தந்த நேரத்தில் தானாக மாறும்படி கோடு வரைந்து) ஏற்றி இறக்கலாம். ஃபோனில் பாண்ட்லாப் செயலி பாவிக்கிறவர்களுக்கும் தனி ட்ராக்தான் வழி.

இதற்கு நேரெதிரான முறைப்பாடும் வரும்: ஒரு பல்லவியில் எஃபெக்டைத் திருத்தினேன், மற்றப் பல்லவிகள் மாறவில்லை என்று. ரீப்பரில் கிளிப்பைப் பிரதி எடுக்கும்போது எஃபெக்டும் சேர்ந்து பிரதியாகும், ஆனால் அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பு இராது. எல்லாப் பல்லவியும் ஒரே மாதிரி மாற வேண்டும் என்றால் அது கிளிப்புக்குரிய எஃபெக்டே அல்ல. பல்லவிகளைத் தனி ட்ராக்குக்கு எடுத்து அங்கே ஒரே தரம் போடுங்கள்.

"ரிவேர்ப் வால் அறுந்து போகுது"

கிளிப் எஃபெக்டில் ஆகக் கூடுதலாக வருகிற முறைப்பாடு இது. காரணம் எளிது. கிளிப் முடிகிற இடத்தில் கிளிப்பின் எஃபெக்டும் முடிகிறது. குரல் நின்ற பிறகு இரண்டு மூன்று செக்கன் ஓட வேண்டிய ஓசைக்கு ஓட இடமில்லை. கூத்துப் பாடல் ஒன்றின் கடைசி விருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் கடைசிச் சொல்லை நீட்டி விடுகிறார், அந்த நீட்சிக்குப் பின்னால் மண்டபத்தின் ஓசை மெல்ல அடங்க வேண்டும். கிளிப்பை அவர் வாய் மூடிய இடத்திலேயே வெட்டியிருந்தால் ஓசை கத்தரித்தது போல நின்றுவிடும். விருத்தத்தின் அழகு முழுவதும் அந்த அடங்கலில்தான் இருக்கிறது, ஆகவே இதைச் சரியாகச் செய்யாமல் விடக்கூடாது.

கைக்குக் கிட்டிய வழி, கிளிப்பின் வலது ஓரத்தைப் பிடித்து நீட்டுவது. குரல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பதிவு ஓடியிருந்தால் நீட்டியவுடன் அந்த அமைதி வெளியே வரும், ரிவேர்ப் அதன் மேல் படரும். இதனால்தான் பதிவு செய்யும்போது பாடகர் முடித்தவுடன் நிறுத்தாதீர்கள் என்று சொல்கிறோம். ஐந்து செக்கன் விடுங்கள். கதிரையை அசைக்கவும் விடாதீர்கள்.

நீட்டும்போது ரீப்பரில் ஒரு பொறி இருக்கிறது. பதிவின் முடிவைத் தாண்டி இழுத்தால் கிளிப் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிப் பாடும். 'லூப் சோர்ஸ்' என்ற தெரிவு போடப்பட்டிருப்பதுதான் காரணம். கிளிப்பைத் தெரிவுசெய்து எஃப்2 அமுக்கி, அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் முடிவுக்குப் பிறகு வெறும் அமைதிதான் வரும். அந்த அமைதிதான் வாலுக்குத் தேவை. நீட்டிய பகுதியின் மேல் நீளமான ஃபேட் அவுட் (ஒலியைப் படிப்படியாகக் குறைக்கும் சரிவு) கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிளிப்பை நீட்டியும் வால் சீக்கிரம் தேய்ந்தால் அந்த ஃபேட் அதைத் தின்கிறது.

மற்ற மென்பொருட்களில்: ஸ்டூடியோ வன்னில் ஈவென்ட் எஃப்எக்ஸ் பகுதியிலேயே வாலின் நீளத்தைக் கொடுக்க ஒரு கட்டம் உண்டு. புரோ டூல்ஸில் ஓடியோசூட்டால் ரிவேர்ப் பதிக்கும்போது கிளிப்பை மட்டும் தெரிவுசெய்யாமல் அதற்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்துத் தெரிவுசெய்யுங்கள். ஓடாசிட்டியில் எஃபெக்ட் நீங்கள் தெரிவுசெய்த பகுதிக்குள் மட்டும் பதியும். ஆகவே முதலில் கிளிப்பின் முடிவில் சில செக்கன் அமைதியைச் சேர்த்து, அதையும் உள்ளடக்கித் தெரிவுசெய்துவிட்டுப் போடுங்கள். பிரீமியரில் கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி சீக்குவென்ஸ் ஒன்றுக்குள் அடக்கி), நெஸ்ட்டின் உள்ளே பின்னால் வெற்றிடம் விட்டு, வெளியே உள்ள நெஸ்ட்டுக்கு ரிவேர்ப் போட்டால் வால் அறாது.

இவ்வளவும் சொன்னாலும் என் முடிவு இதுதான்: வால் உள்ள எஃபெக்டைக் கிளிப்பில் போடாதீர்கள். ரிவேர்புக்கும் டிலேக்கும் தனி ட்ராக் ஒன்று வையுங்கள். குரல் ட்ராக்கிலிருந்து அதற்கு ஒரு செண்ட் (குரலின் பிரதியை அங்கே அனுப்பும் வழி) போடுங்கள். வேண்டிய வரியில் மட்டும் அந்தச் செண்ட்டை ஒட்டோமேஷனால் திறந்து மூடுங்கள். குரல் கிளிப் எங்கே முடிந்தாலும் ரிவேர்ப் ட்ராக் தன் பாட்டில் அடங்கி முடிக்கும். எல்லா வரிகளும் ஒரே மண்டபத்தில் பாடப்பட்டது போலவும் இருக்கும். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒவ்வொரு ரிவேர்ப் போட்ட பாட்டுகளில் பாடகர் வரிக்கு வரி அறை மாறி நிற்பதுபோலக் கேட்கும்; நல்ல குரல்களை அப்படிக் கேட்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

அப்படியென்றால் கிளிப்புக்கு எதைப் போடலாம்? அந்தத் துண்டுக்கு மட்டுமே உரிய குறையைத் திருத்துவதையும், அந்த இடத்துக்கு மட்டுமே உரிய விசேஷத்தையும். ஃபேன் சத்தம், மைக்கில் விழுந்த மூச்சு, ஒரு சொல்லில் மட்டும் குத்துகிற சகர ஓசை, தொலைபேசிக் குரலாக மாற்ற வேண்டிய ஒரு வசனம். மீதி எல்லாம் ட்ராக்குக்கு.

"வெட்டின இடத்தில டிக் எண்டு கேக்குது"

எஃபெக்ட் இல்லாமல் கேட்டாலும் டிக் இருந்தால் அது வெட்டின் பிழை. அலை பூச்சியத்தில் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் 5 முதல் 10 மில்லிசெக்கன் ஃபேட் போதும்.

எஃபெக்ட் போட்ட பிறகுதான் டிக் வருகிறது என்றால் விஷயம் வேறு. ஒவ்வொரு கிளிப்பிலும் உள்ள ஈக்யூவும் கொம்பிரெசரும் அந்தக் கிளிப் தொடங்கும்போது புதிதாகத் தொடங்குகின்றன. முந்தின கிளிப்பில் என்ன ஒலித்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே தம்புராவோ ஒத்தோ தொடர்ந்து ஒலிக்கிற இடத்தில் நடுவே வெட்டி, ஒரு பக்கத்துக்கு மட்டும் அடிச்சுரத்தைக் குறைத்தால் அந்த எல்லையில் ஒலி ஒரு படி இறங்கும். அதைத்தான் காது டிக் என்று பிடிக்கிறது. இரண்டு கிளிப்களையும் ஒன்றன்மேல் ஒன்று படரவிட்டு 50 மில்லிசெக்கனோ கூடவோ குறுக்கு ஃபேட் கொடுங்கள்.

கொம்பிரெசரின் விளைவு கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும்: கிளிப்பின் முதல் எழுத்து மட்டும் துள்ளி நிற்கும். கொம்பிரெசர் பிடிப்பதற்குள் முதல் எழுத்து தப்பிவிடுகிறது. கிளிப்பைச் சொல்லின் வாசலில் வெட்டாமல் அதற்கு முன்னால் உள்ள மூச்சில் வெட்டுங்கள். குரலுக்கு மூச்சு, தவிலுக்கு அடிக்கு முந்தின இடைவெளி, நாதஸ்வரத்துக்குச் சீவாளியில் காற்று மாறும் இடம். இவைதான் நல்ல வெட்டு இடங்கள். திரையில் அலையைப் பார்த்து மட்டும் வெட்டாமல் கண்ணை மூடிக் கேட்டு வெட்டினால் இது தானாக வரும்.

"ஈக்யூ போட்டாப் பிறகு தவில் மெலிஞ்சு போச்சு"

இணுவில், அளவெட்டி என்று தவிலும் நாதஸ்வரமும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஊர்கள் இங்கே பக்கத்தில் இருக்கின்றன. அந்த வாசிப்பைப் பதிவு செய்யும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள்.

தவிலுக்குப் பொதுவாக இரண்டு மைக் வைக்கிறோம்: வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. இரண்டு மைக்கும் இரண்டு பக்கத்தையும் கேட்கின்றன. தொப்பியில் கம்பு விழுந்த அடி வலந்தலை மைக்குக்கும் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கனம் வருகிறதா மெலிகிறதா என்பது அந்த நேர வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. இப்போது ஒரு மைக்கின் கிளிப்புக்கு மட்டும் ஈக்யூ போடுகிறீர்கள். சாதாரண ஈக்யூ அலையின் ஃபேஸை (ஏற்ற இறக்கம் விழும் நேரத்தை) அந்த இடத்தில் திருப்பும். லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் இரைச்சல் நீக்கியும் ஒலியையே பிந்தவைக்கும். மென்பொருள் இந்தப் பிந்தலை ஈடுசெய்யும் என்பது பொது விதி. ஆனால் எல்லாப் பிளகினும் தன் தாமதத்தைச் சரியாக அறிவிப்பதில்லை. அறிவிக்காத தாமதத்தை மென்பொருளால் ஈடுசெய்யவும் முடியாது.

எவ்வளவு சின்னப் பிந்தல் எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். ஒரே ஒலி இரண்டு வழியாக வந்து ஒன்று 1 மில்லிசெக்கன் பிந்தினால் 500 ஹேர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கும். 1500 இலும் 2500 இலும் அப்படியே. 500 ஹேர்ட்ஸுக்கு அண்டிய பகுதியில் ஓட்டை விழுந்தால் தவிலின் உடம்பு போய்த் தோலின் சத்தம் மட்டும் மிஞ்சும். 1 மில்லிசெக்கன் என்பது காற்றில் ஒலி ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் போகிற நேரம். மைக்கை ஏறத்தாழ முக்கால் முழம் தள்ளி வைத்ததற்குச் சமம்.

சோதிக்கும் முறை இது. இரண்டு ட்ராக்கையும் சோலோ செய்யுங்கள். ஒன்றின் பொலாரிட்டியைப் புரட்டுங்கள் (அலையைத் தலைகீழாக்குங்கள்). ரீப்பரில் ட்ராக்கில் உள்ள, குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறி. புரட்டியவுடன் கனம் கூடினால் இரண்டும் முன்பு ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கிளிப் எஃபெக்டைப் பைபாஸ் செய்து திரும்பவும் புரட்டிப் பாருங்கள். விளைவு மாறினால் குற்றவாளி அந்த எஃபெக்ட்தான்.

திருத்தம்: ஒரே வாத்தியத்தின் இரண்டு மைக்குக்கும் ஒரே எஃபெக்டை ஒரே அளவில் போடுங்கள், அல்லது இரண்டையும் ஒரு பஸ் ட்ராக்குக்கு (பல ட்ராக்குகள் வந்து சேரும் பொது ட்ராக்) அனுப்பி அங்கே போடுங்கள். கிளிப்களைக் குறூப் செய்து வையுங்கள், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரட்டும். ரெண்டர் செய்த பிறகு புதுக் கிளிப்பின் அலையையும் பழையதன் அலையையும் பெரிதாக்கி ஒன்றன்கீழ் ஒன்று வைத்து அடியின் தொடக்கம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கையால் நகர்த்தி ஒட்டுங்கள். இந்தப் பொறுமைக்குத் தவில் தகுதியான வாத்தியம்.

"ஃபேன் இரைச்சலை எடுத்தா குரல் தண்ணிக்குள்ள கேக்கிற மாதிரி இருக்கு"

அளவுக்கு மேல் எடுக்கிறீர்கள். ரீப்பரின் ரீஃபிர் பிளகினைச் சப்ட்ராக்ட் (கழிக்கும்) முறையில் வைத்து, குரல் இல்லாமல் இரைச்சல் மட்டும் உள்ள இடத்தை ஓடவிட்டு அதன் சுவட்டை எடுக்கவேண்டும். அப்போது மட்டும் சுவடெடுக்கும் தெரிவைப் போட்டுவிட்டு, உடனே எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் அது குரலையும் இரைச்சலாகப் படித்துக் குரலையே கழிக்கும். பெரும்பாலான 'தண்ணிக் குரல்' இப்படித்தான் பிறக்கிறது.

இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே தொடர்ச்சியான 'ம்ம்' என்ற இரைச்சல் 50, 100, 150 ஹேர்ட்ஸில் இருக்கும். அந்த இடங்களில் மட்டும் ஒடுங்கிய ஈக்யூ வெட்டுப் போதும். முழு இரைச்சல் நீக்கி தேவையில்லை. மடிகணினியின் சார்ஜரைக் கழற்றியவுடன் இரைச்சல் நின்றால் அடுத்த பதிவை பற்றரியிலேயே செய்யுங்கள்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் பாடி அனுப்புகிற வாட்ஸ்அப் வொய்ஸ் நோட்டுக்கு இரைச்சல் நீக்கி போட்டால் மிக மோசமாகும். அது ஓபஸ் முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி. அவர்களிடம் ஃபோனின் ரெக்கோர்டரில் பதிந்து, டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு உள்ளபடியே வந்து சேரும்.

கோயில் ஒலிபெருக்கி, றோட்டில் போகிற ஓட்டோ, மழை இவற்றுக்குச் சுவடு எடுக்க முடியாது. அவை கணத்துக்குக் கணம் மாறுபவை. அந்த வரியைத் திரும்பப் பாடவைப்பதுதான் மருந்து.

"கிளிப்பின்ர சத்தத்தைக் கூட்டினன், கூடின மாதிரித் தெரியேல்லை"

ட்ராக்கில் கொம்பிரெசர் இருக்கிறது. 3:1 விகிதத்தில், திரெஷோல்டுக்கு மேலே நிற்கிற குரலை நீங்கள் கிளிப்பில் 6 டெசிபெல் கூட்டினால் வெளியே 2 டெசிபெல்தான் கூடும். கூடவே குரல் நசுங்கும். சத்தம் மட்டும் கூட வேண்டும் என்றால் ட்ராக் ஃபேடரை அந்த இடத்தில் ஒட்டோமேஷனால் ஏற்றுங்கள். கொம்பிரெசருக்குப் பிறகு இருப்பது அதுதான். மாறாக, ஒரு வரி மெதுவாகப் பாடப்பட்டதால் கொம்பிரெசருக்கே எட்டவில்லை என்றால் கிளிப்பில் கூட்டுவதுதான் சரி.

கிளிப்பின் சத்த அளவு கிளிப் எஃபெக்டுக்கு முன்னால் வேலை செய்கிறதா, பின்னாலா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். உங்களுடையதில் எப்படி என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். கிளிப்பில் ஒரு டிஸ்டோர்ஷன் போட்டு, கிளிப்பின் சத்தத்தை நன்றாகக் குறையுங்கள். கரகரப்பும் சேர்ந்து குறைந்தால் சத்த அளவு முன்னால் இருக்கிறது. கரகரப்பு அப்படியே இருந்து மெதுவாக மட்டும் கேட்டால் பின்னால் இருக்கிறது.

"பாட்டு விக்கி விக்கிப் போகுது, கொம்பியூட்டர் இறுகுது"

எஃபெக்ட் போட்ட ஒரு கிளிப்பை வெட்டினால் ரீப்பரில் இரண்டு துண்டும் தனித்தனிப் பிரதியை வைத்துக்கொள்ளும். ஒரு நேர்காணலில் இரைச்சல் நீக்கி போட்டுவிட்டுப் பிறகு நாற்பது துண்டாக வெட்டினால் நாற்பது இரைச்சல் நீக்கி ஏறியிருக்கும். முதலில் வெட்டுங்கள், கடைசியில் போடுங்கள். ஏற்கெனவே நடந்துவிட்டால் முடிவான துண்டுகளை ரெண்டர் செய்துவிடுங்கள், அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான எஃபெக்டை ட்ராக்குக்கு மாற்றிவிட்டுக் கிளிப்களிலிருந்து அழியுங்கள். பதிவு நடக்காத நேரத்தில் பஃபர் அளவை (கணினி ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் அளவு) 1024க்கு ஏற்றினாலும் மூச்சு வரும்.

"ரெண்டர் பண்ணினாப் பிறகு எஃபெக்ட் ரெண்டு மடங்காக் கேக்குது"

ரீப்பரின் வலது கிளிக் மெனுவில் கிட்டக் கிட்ட இரண்டு கட்டளைகள் உண்டு. 'அப்ளை ட்ராக்/டேக் எஃப்எக்ஸ்' என்று தொடங்குவது கிளிப்பின் எஃபெக்டோடு ட்ராக்கின் எஃபெக்டையும் சேர்த்துப் பதிக்கும். ஆனால் ட்ராக்கின் எஃபெக்ட் ட்ராக்கிலும் தொடர்ந்து இருக்கும். ஆகவே அது இரண்டாம் தரமும் ஒலியில் விழும். கிளிப் எஃபெக்டை மட்டும் பதிக்க 'ரெண்டர் ஐட்டம்ஸ்' என்று தொடங்குவதைப் பாவியுங்கள்.

இரண்டிலும் பழைய ஒலி அழியாது. புதியது இன்னொரு டேக்காக வந்து அமரும்; பழையது தன் எஃபெக்டோடு கீழே இருக்கும்; டி எழுத்தை அமுக்கி மாற்றி மாற்றிக் கேட்கலாம். 'க்ளூ' கட்டளை அப்படி அல்ல. அது எஃபெக்டைப் பதித்து ஒரே கிளிப்பாக்கிவிடும், திரும்பிப் போகக் கையில் டேக் இருக்காது. ஆகவே க்ளூ செய்வதற்கு முன் கிளிப்பின் பிரதி ஒன்றை ஊமையாக்கிய ஒரு ட்ராக்கில் போட்டுவையுங்கள். கரண்ட் போய்வருகிற நாளென்றால் ரெண்டர் தொடங்குமுன் ஒருமுறை சேமியுங்கள்.

"வெளிய எடுத்த கோப்பில பாதி எஃபெக்டைக் காணேல்லை"

ரெண்டர் சாளரத்தில் மூலமாக எதைத் தெரிவுசெய்தீர்கள் என்று பாருங்கள். 'செலெக்டட் மீடியா ஐட்டம்ஸ்' என்று இருந்தால் கிளிப்பும் கிளிப்பின் எஃபெக்டும் மட்டும் வெளியே வரும். ட்ராக்கிலும் மாஸ்டரிலும் போட்டவை வராது. முழுப் பாட்டுக்கு 'மாஸ்டர் மிக்ஸ்'.

"கூட்டாளியின்ர ஸ்ரூடியோவில திறந்தா எஃபெக்ட் ஒண்டும் இல்லை"

அந்தக் கணினியில் அந்தப் பிளகின் இல்லை. ட்ராக்கில் ஒரு பிளகின் காணாமற்போனால் மிக்ஸரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கிளிப்பில் காணாமற்போனால் தெரியாது. ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்தால்தான் காணலாம், ஆகவே பலர் மிக்ஸ் முடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். புரொஜெக்டைத் திறக்கும்போது வருகிற எச்சரிக்கைப் பெட்டியை வாசிக்காமல் மூடாதீர்கள். எந்தப் பிளகின் இல்லை என்று அதில்தான் எழுதியிருக்கும்.

கொண்டுபோவதற்கு முன் கிளிப் எஃபெக்ட்கள் எல்லாவற்றையும் புதிய டேக்காக ரெண்டர் செய்யுங்கள். பிறகு 'சேவ் புரொஜெக்ட் அஸ்' கொடுத்து, ஊடகக் கோப்புகளையும் புரொஜெக்ட் கோப்புறைக்குள் பிரதி எடுக்கும் தெரிவைப் போட்டு, புதுக் கோப்புறை ஒன்றுக்குள் சேமியுங்கள். பென் டிரைவில் ஏற்றவேண்டியது அந்தக் கோப்புறை முழுவதும். ஏற்றிய பிறகு உங்கள் கணினியிலேயே பென் டிரைவிலிருந்து திறந்து, ஒரு கிளிப்பாவது ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.